காசிமாயன் இறங்கிய இடம்

திருப்பரங்குன்றம் வேன் ஸ்டாண்டில் போய், "ஒரே நாள்ல காட்டு யானை பாத்துட்டு வரணும்" என்று யார் கேட்டாலும், அங்கே நிற்கிற அத்தனை டிரைவர்களும் காசிமாயனைத்தான் கைகாட்டுவார்கள். அவனுக்கு நாற்பத்து நாலு வயது. செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பம். கிணறு வற்றிய வருஷம் மதுரைக்கு வந்து ஷேர் ஆட்டோ ஓட்டினான்; பிறகு கல்யாண வண்டி ஓட்டினான்; கடைசியில் பன்னிரண்டு பேர் உட்காரும் வெள்ளை வேன் ஒன்றைச் சொந்தமாக வாங்கினான். பின்கண்ணாடியில் யானைப் படம் ஒட்டி, அடியில் ‘மந்திச்சுனை சஃபாரி – வழிகாட்டியுடன்’ என்று எழுதியிருந்தான். வழிகாட்டி வேறு யாருமில்லை, அவன்தான்.

மந்திச்சுனைக் காடு தேனிக்கு மேற்கே மலைமேல் இருக்கிறது. விடியக் கிளம்பிப் பசுமலையில் ஆளேற்றினால் உசிலம்பட்டியில் இட்லி, கணவாய் தாண்டித் தேனியில் டீ, பத்து மணிக்கெல்லாம் காட்டு கேட். அங்கே காட்டுச் சுற்றுலாவை நடத்துகிற குழுவின் காவலாளி, அதாவது வாச்சர், ஒருவர் வண்டியில் ஏறிக்கொள்வார். பதினாலு கிலோமீட்டர் மண்பாதை, மூன்று மணி நேரம். யாரும் எங்கேயும் கீழே இறங்கக் கூடாது. கேட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிற சட்டம் அது ஒன்றுதான்.

கணவாய் ஏறும்போது காசிமாயன் மைக்கை எடுப்பான்.

"எட்டு வருசத்துக்கு முந்தி. இந்தா, இம்புட்டுத் தூரத்துல கொம்பன் நிக்கிறான். நான் தனியாள். ஓடலையே! கையெடுத்துக் கும்பிட்டு, கண்ணுக்குள்ள பாத்து, ‘போ சாமி’ன்னேன். தலைய ஆட்டிட்டு அதுபாட்டுக்குப் போயிருச்சு."

வண்டியில் கைதட்டல் எழும். உண்மையில் இது கம்பத்து ஜீப் டிரைவர் ஒருவர் டீக்கடையில் சொன்ன கதை. காசிமாயன் யானையைப் பார்த்ததெல்லாம் வண்டிக் கண்ணாடிக்கு உள்ளே இருந்துதான், அதுவும் எஞ்சினை அணைக்காமல். ஆனால் ஆறு வருஷம் சொல்லிச் சொல்லி, கொம்பனின் கண்ணோரம் இருந்த ஈரம்கூட அவனுக்கு நினைவில் இருப்பது போல ஆகிவிட்டது.

அந்த மாசி மாதச் சனிக்கிழமை வண்டியில் பதினோரு பேர். எல்லோரும் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள், சிலர் குடும்பத்தோடு. கூட்டிச் சேர்த்தவன் சித்தார்த் என்ற இளைஞன். அவன் மனைவி சத்யப்ரியா ஜன்னலோரம் பேசாமல் வந்தாள். கேட்டில் வாச்சராக ஏறியவள் மலையம்மாள். அந்த மலையிலேயே பிறந்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும், காக்கிச் சட்டையைச் சேலைமேல் போட்டிருந்தாள். காசிமாயனை அவளுக்கு நாலைந்து வருஷமாகத் தெரியும்.

"அண்ணே, கூட்டம் குட்டியோட இருக்கு. நேத்தே பாத்தேன். ஆரன் அடிச்சிராதீக" என்றாள்.

"எனக்குத் தெரியாதாம்மா" என்றான் அவன், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி.

இரண்டரை மணி நேரம் சுற்றியும் சாணம்தான் கண்ணில் பட்டது. ஒரு மான் கூட்டம், ஒரு மலை அணில், அவ்வளவுதான். பின்னாலிருந்து முணுமுணுப்பு வர ஆரம்பித்தது. திரும்பி வரும் வழியில், ஒரு வளைவு தாண்டியதும் மலையம்மாள் கையை உயர்த்தினாள். பாதையிலிருந்து நாற்பது அடி தள்ளி, உண்ணிச்செடிப் புதருக்குள் ஐந்து யானைகள். எல்லாம் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. கால்களுக்கு நடுவே குட்டி ஒன்று அவ்வப்போது தெரிந்து மறைந்தது.

வண்டிக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அதே இடத்தில் ஐந்து நிமிடம் நின்றார்கள். அதோடு போயிருந்தால் எல்லோரும் சந்தோஷமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

"முதுகுதான் தெரியுது" என்றான் சித்தார்த், போனைப் பிடித்தபடி. "அண்ணே, நீங்கதான் கண்ணுக்குள்ள பாத்துப் பேசுற ஆளாச்சே. கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க."

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. ஆனால் காசிமாயனின் காது மடல் சுட்டது. நம்பவில்லையோ இவர்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. அவன் கதவைத் திறந்து கீழே இறங்கினான்.

"அண்ணே, ஏறுங்க" என்றாள் மலையம்மாள், குரலை உயர்த்தாமல். "ஏறுங்கண்ணே."

அவன் திரும்பாமல் பத்துப் பன்னிரண்டு எட்டு நடந்தான். பின்னால் போன்கள் தன்னைப் பிடித்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. கையை உயர்த்தி இரண்டு தட்டு தட்டினான்.

பெரிய பெண் யானை திரும்பியது. அத்தனை பெரிய உடம்பு அத்தனை வேகத்தில் திரும்பும் என்று அவன் நினைத்ததே இல்லை. காதுகள் விரிந்தன. கண்ணைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கால் இரண்டும் மண்ணில் நட்டது போல நின்றுவிட்டன. யானை வந்தது.

சட்டைக் காலரை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். மலையம்மாள்தான். அவனை வண்டிப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் அகல விரித்து, தொண்டை கிழிய ஏதோ கத்தினாள். காசிமாயன் ஓடினான். டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு கியரைப் போட்டான். வண்டி நகர்ந்தது.

"அந்தக்கா கீழ கெடக்காங்க! நிறுத்துங்க!" என்று அலறினாள் சத்யப்ரியா. அவன் நிறுத்தவில்லை. இருபது முப்பது அடி போன பிறகு, நாலைந்து பேர் சேர்ந்து கத்தி, யாரோ அவன் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் பிரேக்கை மிதித்தான்.

யானை தும்பிக்கையால் ஒரு வீச்சு வீசியிருந்தது. மலையம்மாள் பாதையோரப் பள்ளத்தில் போய் விழுந்திருந்தாள். யானை அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. சற்று நேரம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்று, குட்டியின் சத்தம் கேட்டதும் திரும்பிப் போய்விட்டது. அது போனபிறகுதான் காசிமாயன் இறங்கினான். அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வண்டிக்கு ஓடிவந்தான். சித்தார்த்தின் போன் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

கேட்டில் குழுவின் மேலாளர் கேட்டார். "யாரு இறங்கினது?"

சித்தார்த் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னான்: "அந்தக்கா இறங்கிட்டாங்க சார்."

பொய் இல்லை. அவள் இறங்கியது உண்மைதான். மேலாளர் காசிமாயனைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். மலையம்மாள் பின்சீட்டில் நினைவில்லாமல் கிடந்தாள். ‘வாச்சர் தானாகவே வாகனத்திலிருந்து இறங்கினார்’ என்று ஒரு தாளில் எழுதி நீட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அதில் கையெழுத்துப் போட்டான்.

தேனியில் கட்டுப்போட்டு, அங்கிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காசிமாயன் வீட்டுக்கு வந்து, மனைவி தாமரைச்செல்வியிடம், "ஒரு வாச்சரை யானை தட்டிருச்சு, தூக்கிட்டு வந்தோம்" என்று மட்டும் சொன்னான்.

மூன்றாம் நாள் வீடியோ வந்தது. சித்தார்த் போட்டதா, அவனிடமிருந்து வாங்கி வேறு யாரும் போட்டதா தெரியாது. முப்பது விநாடி. பள்ளத்திலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு காசிமாயன் ஓடி வருகிறான். பின்னால் புதருக்குள் யானை முதுகு தெரிகிறது. மேலே, ‘யானையிடமிருந்து பெண் வாச்சரைக் காப்பாற்றிய மதுரை டிரைவர்’ என்று எழுதியிருந்தது. சாயங்காலத்துக்குள் லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள். வேன் ஸ்டாண்டில் பால்பாண்டி கட்டிப்பிடித்து, "மாப்ள, நம்ம ஸ்டாண்டுக்கே பெருமைடா" என்றான். மறுநாள் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். மீசையை முறுக்கிய பழைய கல்யாண போட்டோ ஒன்றைப் போட்டிருந்தார்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. முதல் நாள் சிரித்து மழுப்பினான். இரண்டாம் நாள், "நம்ம கடமை" என்றான்.

மகள் முத்துமீனா பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்தாள். அங்கே பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். அவள்தான் மேடையில் நின்று, "எங்கப்பா காசிமாயன்" என்று அறிமுகம் செய்தாள். குரல் நடுங்கியது, பெருமையில். தலைமையாசிரியை சால்வை போர்த்தி, "குழந்தைகளுக்கு நடந்ததைச் சொல்லுங்க" என்று மைக்கைக் கொடுத்தார். மைக் கைக்கு வந்ததும் அவன் வாய் தானாகத் திறந்தது.

"யானை இந்தா, இம்புட்டுத் தூரத்துல நிக்கிது. ஓடலை. கண்ணுக்குள்ள பாத்தேன்..."

ஐந்நூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கியதும், பள்ளிக்கூடத்துக் குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றான். வாயைக் கொப்பளித்தான். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டது வேறு, யாரோ எழுதியதை மறுக்காமல் இருந்தது வேறு. இது அவனே, அவன் வாயாலேயே, பெற்ற பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது சொன்னது.

அந்த வாரத்தில் மூன்று தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போனான். மலையம்மாளின் வார்டு எது என்று விசாரித்து வைத்திருந்தான். முதல் தடவை படிக்கட்டு வரை. இரண்டாம் தடவை வராந்தா வரை. கையில் ஆரஞ்சுப் பழப் பை. அதை அங்கே உட்கார்ந்திருந்த முகம் தெரியாத கிழவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினான். மூன்றாம் தடவை வார்டு வாசலிலிருந்து அவள் கட்டிலைப் பார்த்தான். காலை உயரத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவள் இந்தப் பக்கம் திரும்புவது போலிருந்தது. அவன் சுவரோரம் ஒதுங்கி வந்துவிட்டான்.

முத்துமீனாதான் அவனைக் கூட்டிப்போனாள். "அப்பா, அந்தக்காவ நான் பாக்கணும். எங்க கிளாஸ்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டு கார்டு செஞ்சிருக்கோம்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சீவிச் சிங்காரித்து நின்றாள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கட்டில் பக்கத்தில் மலையம்மாளின் புருஷன் சோலை முக்காலியில் உட்கார்ந்திருந்தான். காசிமாயனைக் கண்டதும் எழுந்து நின்றான். முத்துமீனா கார்டை நீட்டினாள்.

"அக்கா, நான் இவரு மக. எங்கப்பா உங்களைக் காப்பாத்தினத எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் சொன்னாரு. ஒங்களுக்கு ரொம்ப வலிச்சுச்சாக்கா?"

மலையம்மாள் கார்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு காசிமாயனைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். கேட்டில் தினமும் வருகிற வண்டிகளை எண்ணுவது போல, சாதாரணமாக அவனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, கட்டிலின் இரும்புக் காலில் பெயிண்ட் உரிந்திருந்த இடத்தையே பார்த்தான்.

"ஆமாத்தா" என்றாள் அவள் முத்துமீனாவிடம். "ஒங்கப்பாதான் தூக்கிட்டு வந்தாரு. நல்லாப் படிக்கிறியா?"

இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது சோலை அவனை வெளியே வராந்தாவுக்குக் கூப்பிட்டான்.

"அண்ணே, நடந்தது அம்புட்டும் எனக்குத் தெரியும். கண்ணு முழிச்சதுமே சொல்லிட்டா. புள்ள மொகத்தப் பாத்துட்டுத்தான் இப்ப வாயத் தொறக்கல."

சோலை வார்டுக் கதவைச் சாத்திவிட்டு மேலே சொன்னான்.

"குழுவுல வேலைக்கு வர வேணாம்னுட்டாக. வண்டிய விட்டு எறங்கினது இவ தப்பாம். சட்டத்த மீறினவளுக்கு வைத்தியமும் பாக்க மாட்டாகளாம். நீங்க கையெழுத்துப் போட்ட தாளைத்தான் காட்டுறாக." அவன் குரல் உயரவே இல்லை. "பதினோரு வருசம் அந்தப் பாதையில நடந்தவ அண்ணே. ஒரு நாள் ஒரு ஆள யானைகிட்ட விட்டதில்ல."

"நான் போய்ச் சொல்றேன் தம்பி" என்றான் காசிமாயன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்று கேட்டுவிட்டு சோலை உள்ளே போய்விட்டான்.

திரும்பி வரும்போது முத்துமீனா வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து, அந்த அக்கா எவ்வளவு நல்ல மாதிரி என்று பேசிக்கொண்டே வந்தாள். பழங்காநத்தத்தில் சிக்னல் விழுந்தது. காசிமாயன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னான். இறங்கியது, கை தட்டியது, நின்றுபோனது, ஓடியது, கையெழுத்து. பச்சை விழுந்து பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. வண்டியை ஓரங்கட்டிவிட்டு மிச்சத்தையும் சொன்னான்.

முத்துமீனா அவன் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"அவங்க கீழ கெடக்கும்போது வண்டிய எடுத்தீங்களாப்பா?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

கண்ணாடியில் அவள் கிடந்தது தெரிந்ததா என்று அவன் தன்னையே பல தடவை கேட்டிருக்கிறான். தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். "தெரிஞ்சுதான்" என்றான்.

"நான் பஸ்ல போயிக்கிறேன்" என்று கதவைத் திறந்து இறங்கி, திருப்பரங்குன்றம் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள். அவன் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்தான்.

மறுநாள் சித்தார்த்துக்குப் போன் போட்டான். "தம்பி, முழு வீடியோ ஒங்ககிட்ட இருக்கும்ல. எனக்கு வேணும்."

"எதுக்குண்ணே இப்ப? எல்லாம் நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு. அதுல நாங்க சிரிக்கிறது, நான் யானையத் திரும்பச் சொல்லச் சொன்னது எல்லாம் இருக்கு. எங்க ஆபீஸ்ல பாத்தா என் வேலையே போயிரும்."

"இல்லாட்டியும் நான் சொல்லத்தான் போறேன்."

"சொல்லுங்க. வீடியோவ அழிச்சிட்டேன்" என்று வைத்துவிட்டான் அவன்.

ஆனால் மறுநாள் விடிந்தபோது காசிமாயனின் போனில் நாலு நிமிட வீடியோ வந்து கிடந்தது. புது நம்பர். அந்த நம்பரின் முகப்புப் படத்தில் சத்யப்ரியா. கூட ஒரு வார்த்தைகூட இல்லை. அவன் ஒரே ஒரு தடவை பார்த்தான். வண்டி நகர்ந்தபோது பின்கண்ணாடி வழியே மலையம்மாள் சின்னதாகிக்கொண்டே போனாள். ஒரு கையை மட்டும் மண்ணில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

தாமரைச்செல்வியிடம் வீடியோவைக் காட்டினான். அவள் பார்த்து முடித்து, போனைத் திருப்பிக் கொடுத்து, "நான் வேலைக்குப் போகும்போது ஃப்ளெக்ஸ அவுத்துரச் சொல்லிட்டுப் போறேன். நீங்க மலைக்குக் கெளம்புங்க" என்றாள். அழவில்லை, திட்டவில்லை. தட்டில் இரண்டு தோசை வைத்துவிட்டுப் போனாள்.

குழு ஆபீஸில் அவன் மூன்று பக்கம் எழுதினான். மேலாளர் வீடியோவைப் பார்த்துவிட்டு, முன்பு கையெழுத்து வாங்கிய தாளை எடுத்து மேசைமேல் வைத்துக் கேட்டார்: "அப்ப இது?" "பொய்" என்றான். மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார்கள், சொன்னான். அன்றோடு மந்திச்சுனைக்குள் அவன் வண்டிக்கு அனுமதி நின்றது. காட்டில் இறங்கியதற்கு வழக்கும் பதிவானது. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கும் போனான். பிள்ளைகள் முன்னால் உண்மையைச் சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டான். தலைமையாசிரியை யோசித்துவிட்டு, "வேணாங்க. உங்க பொண்ணு இங்க இன்னும் மூணு வருஷம் படிக்கணும்" என்றார். சால்வையை மட்டும் வாங்கி மேசை டிராயரில் வைத்தார். ஆனால் முத்துமீனா தன் வகுப்பில் தானே எழுந்து சொல்லியிருந்தாள் என்று அவனுக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு பிள்ளைகள் அதன்பிறகு அவளோடு பேசுவதில்லையாம். அதைக் கேட்டபோதுதான் அவன் அழுதான்.

முழு வீடியோவும் பிறகு எப்படியோ வெளியே வந்தது. முன்னைவிடக் குறைவான பேர்தான் பார்த்தார்கள். ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் திருப்பரங்குன்றத்தில் இருப்பது போல அவனுக்குத் தோன்றியது. ஸ்டாண்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். அவன் போனதும் நிற்கும். பால்பாண்டி மட்டும் முகத்துக்கு நேரே, "ஏண்டா மாப்ள, பொம்பளைய விட்டுட்டு வண்டிய எடுத்தியா?" என்று கேட்டான். காசிமாயன், "எடுத்தேன்" என்றான். வேறு என்ன சொல்ல? பின்கண்ணாடிப் படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கப்பலூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேலைக்கு வண்டியை விட்டான். மைக்கைக் கழற்றிப் பரணில் போட்டான்.

மலையம்மாளுக்குக் குழு வைத்தியம் பார்த்தது. இரண்டரை மாதம் கழித்து வேலையும் திரும்பக் கிடைத்தது. பாதையில் நடக்கிற வேலை இல்லை, கேட்டில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிற வேலை. வலது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அண்ணே, மலையம்மா பேசுறேன். நாளைக்குக் காலு காட்ட பெரியாஸ்பத்திரிக்கு வாரேன். அவரு காட்டு வேலைக்குப் போயிட்டாரு. ஆரப்பாளையத்துல எறங்கி ஆட்டோ ஏற முடியல. ஒங்க வண்டி கெடைக்குமா?"

"வாரேம்மா" என்றான்.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, தேனி பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றான். அவள் கம்பு ஊன்றி இறங்கினாள். கை கொடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவளே இறங்கிவிட்டாள். அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். பாலம் தாண்டும்போது, "தங்கச்சி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கினான், எக்ஸ்ரே வரிசையில் நின்றான், அவள் உட்கார இடம் பிடித்தான். அவள் வேறு எதையும் கேட்கவும் இல்லை, அவன் செய்த எதையும் மறுக்கவும் இல்லை. மத்தியானம் பஸ் ஏற்றிவிடும்போது ஜன்னல் வழியே, "அடுத்த மாசம் பதினெட்டாந்தேதி வரச் சொல்லியிருக்காக" என்றாள்.

"வந்துர்றேன்" என்றான் காசிமாயன்.

பஸ் போனபிறகும் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போனை எடுத்து, பதினெட்டாம் தேதியைக் குறித்து வைத்தான்.